இறாக்கையில் ஏறிய வெளிச்சவீடு

அத்தியாயம் 17

ஐந்து நாளாக அக்காவும் தங்கையும் பேசவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே அம்மி. பேச்சு மட்டும் இல்லை.

போன கிழமை அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாழைச்சேனையிலிருந்து ஓர் அம்மா எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அக்கா புஸ்பத்தின் பக்கம்தான் நியாயமாம், தங்கை அஜந்தாவுக்குப் படித்த திமிராம். செங்கலடியிலிருந்து வந்த கடிதம் இதற்கு நேர்மாறு. நான் இருவரில் எவரையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சுருக்கம். பெரியகல்லாற்றில், கிராம அபிவிருத்திச் சங்க மண்டபத்தில், அஜந்தா மொண்டிசோரி முறையில் ஒரு முன்பள்ளி நடத்துகிறாள். இருபத்தாறு பிள்ளைகள். வருடம் முடிகிற மார்கழியில் கண்காட்சி வைப்பது வழக்கம். நம் பக்கத்துக் கண்காட்சி எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? தாய்மார் வெட்டுவார்கள், மாமன்மார் ஒட்டுவார்கள், பிள்ளையின் பெயரை எழுதி வைப்பார்கள். அதைப் பிள்ளை தொட்டால் அடி விழும்.

இந்த வருடம் அஜந்தா எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டுக் கடிதம் அனுப்பினாள். "வீட்டிலிருந்து எதுவும் செய்து கொண்டுவர வேண்டாம். பிள்ளைகள் தாங்களே செய்தவை மட்டும் வைக்கப்படும்."

அந்தத் துண்டு புஸ்பத்தின் கைக்கு வந்தபோது அவளுடைய கையில் கோதுமைமாப் பசை காய்ந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்து வெளிச்சவீட்டை, அந்தக் கலங்கரை விளக்கை, ஐஸ்பழக் குச்சிகளால் கட்டி, உச்சியில் பற்றரியில் எரியும் ரோச் பல்ப் பூட்டி, அப்போதுதான் முடித்திருந்தாள். மூன்று கிழமை வேலை. மகள் டிலுக்ஷியின் பெயரை ஒட்டுவது மட்டும்தான் மிச்சம்.

அவளுக்குக் கோபம் வந்ததில் பிழை சொல்ல முடியுமா? பதினொரு வருடமாக அந்த ஒழுங்கைத் தெருவில் எந்தப் பிள்ளை கைப்பணிக்குப் பரிசு வாங்கினாலும் அது புஸ்பத்தின் கைவேலை. சிப்பி யானை, தும்பு மயில், தீப்பெட்டித் தேர், எல்லாம் அவள் செய்தது. சான்றிதழ்கள் வேறு வேறு வீடுகளின் சுவர்களில் வேறு வேறு பெயர்களில் தொங்குகின்றன. அவளுடைய பெயரில் ஒன்றுகூட இல்லை.

"இவக்கு என்ன தெரியும்? சுனாமி அடிச்சிக் கூடாரத்துல கிடக்கக்குள்ள மீன் ரின்ன வெட்டிப் புள்ளைகளுக்கு வண்டி செஞ்சு குடுத்தது ஆரு? நான். அப்ப இவட மொண்டிசோரி எங்க போயிருந்திச்சு?"

இதை அவள் கிணற்று வாளியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அஜந்தா இருக்கிற பின்வீட்டுக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

*

கண்காட்சி நாள் சனிக்கிழமை வந்தது. இரவு முழுக்கப் பெய்த மழை விடியலோடு விட்டிருந்தது.

புஸ்பம் கிணற்றடியில் நின்று மகளைக் கூப்பிட்டாள். "டிலுக்ஷி, பின்வீட்டு ரீச்சரிட்டக் கேளு, எத்தின மணிக்குத் தொடங்குற எண்டு."

பின்வீடு பத்தடி தூரம். அஜந்தா வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது மணிக்கெண்டு சொல்லு மகள்."

"வாறவங்களுக்குக் குடிக்க என்ன எண்டு கேளு."

"பிளேன்ரீ எண்டு சொல்லு."

நாலு வயது டிலுக்ஷி நடுமுற்றத்தில் நின்றபடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே?" என்று கேட்டுவிட்டுக் கோழிக்குஞ்சு பிடிக்கப் போய்விட்டாள்.

புஸ்பத்தின் கணவர் அழகரத்தினம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இதைக் கேட்டும் கேட்காதவராக நின்றார். கடற்றொழிலாளி. வீட்டில் வாய் திறக்காத மனிதர். வெளியே கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் என்பதால் அங்கே வாயை மூடாதவர். அவருக்கு இன்று இரட்டைத் தலையிடி.

மனைவி உள்ளே போனதும் மச்சாளிடம் மெல்ல வந்தார்.

"அஜந்தா, பன்னெண்டு மணிக்குக் கூட்டம் வச்சிருக்கன். தெரியுந்தானே?"

"தெரியும் அத்தான்."

"தாய் தகப்பன்மார் ஒம்பது பேர் கையெழுத்து வச்சிக் குடுத்திருக்காங்க. நேசரி எண்டு நடத்துற மற்ற முன்பள்ளிக்காரங்களுக்கு மண்டபத்தைக் குடுக்கட்டாம். அங்க கழுத்துல ரை, கால்ல சப்பாத்து, இங்கிலிஷ் பாட்டு எல்லாம் இருக்காம். இஞ்ச புள்ளைகள் தண்ணி ஊத்தி விளையாடுதாம்."

"அது விளையாட்டில்ல அத்தான்."

"எனக்கு விளங்குது. அவங்களுக்கு விளங்கணுமே. கண்காட்சியப் பார்த்திட்டுக் கை தூக்குவம் எண்டு சொல்லித்தான் நிப்பாட்டி வச்சிருக்கன். அங்க ஒண்டும் இல்லாட்டி நான் என்ன செய்யிற, சொல்லு பாப்பம்? தலைவர் மச்சாளுக்குப் பார்க்கிறார் எண்டு கதை வரும்."

மண்டபம் போனால் பள்ளிக்கூடம் போகும். வேறு இடம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் சுனாமி அகதி முகாமில் ஒரு வாகைமரத்தின் கீழ், தாயை இழந்த பிள்ளைகளை மடியில் வைத்துத் தொடங்கிய வேலை இது. தன் தாயையும் அவள் அந்த அலைக்குத்தான் கொடுத்திருந்தாள்.

பிறகு பட்டணமான ரவுணுக்குப் போய் ஒரு வருடம் மொண்டிசோரி படித்தாள். அது சண்டைக் காலம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவளுடைய பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பெரிதிலிருந்து சிறிதாகப் பத்து இளஞ்சிவப்பு மரக்கட்டைகள். இது என்ன என்று கேட்பார்கள். அவள் வீதியோரத்தில் குந்தியிருந்து அந்தப் பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக் காட்டுவாள். பஸ் முழுக்க வேடிக்கை பார்க்கும். ஒருநாள் ஒரு சிப்பாய் தானும் ஒரு தடவை அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். அப்படிக் கொண்டுவந்து சேர்த்த கட்டைகள் அவை. சண்டை முடிந்து ஏழு மாதத்தில், கை உயர்த்தி எடுக்கிற ஒரு முடிவில் எல்லாம் போய்விடுமோ என்று அவள் பயந்தாள்.

*

எட்டரை மணி. மண்டபத்தைக் கூட்டிக் கழுவியாயிற்று. சுவரோரமாகப் பெற்றோருக்குக் கதிரைகள். அஜந்தாவின் திட்டம் சின்னது. தாய் தகப்பன்மார் வாய் மூடி இருந்து, தங்கள் பிள்ளைகள் வேலை செய்வதை இரண்டு மணித்தியாலம் பார்க்க வேண்டும். அதுதான் கண்காட்சி.

முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நஸீறா காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். அவரைக் கூட்டிவர அஜந்தா குடையோடு வீதிக்குப் போனாள்.

அந்தப் பத்து நிமிடத்தில் புஸ்பம் வந்துவிட்டாள். கையில் கூடை, கூடைக்கு மேல் பழைய சாறித்துண்டு. தைரியமான வேலைதான், ஆனால் நடை மட்டும் களவுக்கு வந்தவளின் நடை.

மேசையில் பிள்ளைகள் செய்தவை இருந்தன. களிமண்ணில் உருட்டிய ஏதோ ஒன்று. பக்கத்தில் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள் அஜந்தா: "இது நண்டு. பயந்து போய்க் காலை உள்ளுக்கு எடுத்திட்டு." பிறகு ஒரு நீலக் காகம். பிறகு தாள் நிறையக் கறுப்புப் புள்ளிகள்: "மழை. நான் நனையல்ல."

புஸ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவமானமாகவும் இருந்தது. இதையா ஊர் வந்து பார்க்கப்போகிறது? தங்கச்சி ஊர் வாயில் விழப்போகிறாளே! பேச்சு இல்லைத்தான். அதற்காக அவள் தோற்கவேண்டும் என்று புஸ்பம் ஒருநாளும் நினைத்ததில்லை. தன்னுடைய வெளிச்சவீடு ஒன்று நிமிர்ந்து நின்றால் வருகிறவர்களின் வாய் அடைபடும். பதினொரு வருடமாக அடைபட்ட வாய்கள்தானே.

மேசையில் இடமில்லை. ஆனால் பிள்ளைகள் எட்டுகிற உயரத்தில் செய்த பதிவான, திறந்த தட்டடுக்கான இறாக்கையின் நடுத்தட்டில் ஓரிடம் காலியாக இருந்தது. வெளிச்சவீட்டை அங்கே தூக்கி வைத்தாள். பல்பை எரியவிட்டாள். இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். என்ன வடிவு! அவளுக்கே கண் கலங்கியது. சாறி மாற்ற வீட்டுக்கு ஓடினாள்.

அந்த இறாக்கையைப் பற்றி இங்கே நான் சொல்லியாக வேண்டும். மொண்டிசோரி வகுப்பில் அது அழகுக்கு வைத்த சாமான் இல்லை. அதில் இருக்கிற எதையும் எந்தப் பிள்ளையும் எடுக்கலாம். இரண்டு கையாலும் தூக்கவேண்டும். தன் சின்னப் பன்பாயை விரித்து அதில் வைத்து வேலை செய்யவேண்டும். வேலை முடிந்தால் திருப்பி வைக்கவேண்டும். நடுவில் ஒருவரும் குழப்பக்கூடாது, ரீச்சரும்தான். வருடம் முழுக்க அஜந்தா அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த முதல் சட்டம் அது.

புஸ்பம் ஒவ்வொரு நாளும் மகளைப் படலையடியில் விட்டுவிட்டுத் திரும்புகிறவள். அவளுக்கு இது தெரியாது.

*

அஜந்தா நஸீறாவோடு திரும்பியபோது பெற்றோர் பாதிப் பேர் வந்துவிட்டிருந்தார்கள். எல்லாரும் இறாக்கையைச் சுற்றி நின்றார்கள்.

"ஆ, இதெல்லோ கண்காட்சி!" இது அழகரத்தினம்.

"எங்களக் கொண்டுவர வேணாமெண்டு சொல்லிப்போட்டு, ரீச்சர் தன்ட ஆக்களுக்கு மட்டும் இடம் குடுத்திருக்காபோல." இது நிருஷா என்ற பிள்ளையின் தாய். ஒன்பது கையெழுத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

அஜந்தாவுக்கு முகம் சுட்டது. அக்காவின் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. எடுத்து உள்ளே வைக்கலாம். ஆனால் முன்வரிசைக் கதிரையில் புதுச் சாறியோடு அக்கா இருக்கிறாள். இவ்வளவு பேருக்கு முன்னால் அவளுடைய மூன்று கிழமையைத் தூக்கி மூலையில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. எடுக்காமல் விட்டால் தான் அனுப்பிய துண்டுக்குத் தானே பொய்யாகிவிடுவாள்.

"தொடங்குங்க மகள்," என்றார் நஸீறா, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு.

அஜந்தா சின்ன மணியை ஒரு தடவை அடித்தாள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

யாரும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை. ஒருத்தி தண்ணீர்க் குவளையையும் கிண்ணத்தையும் எடுத்தாள். ஒருவன் இளஞ்சிவப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை நடந்து கொண்டுபோனான். பெற்றோர் மெல்லக் கதைப்பதை நிறுத்தினார்கள்.

டிலுக்ஷி இறாக்கையின் முன்னால் நின்றாள். வெளிச்சவீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். வீட்டில் மூன்று கிழமை "தொடாத, தொடாத" என்று கேட்ட சாமான். இன்று அது இறாக்கையில் இருக்கிறது.

பாயை விரித்தாள். இரண்டு கையாலும் தூக்கினாள். ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் பாயில் வைத்தாள்.

புஸ்பம் பக்கத்துக் கதிரைக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள், "காட்டப்போறாள் பாருங்க."

டிலுக்ஷி முதலில் பல்பைக் கழற்றினாள். பற்றரியை எடுத்துத் தட்டில் வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள். பிறகு ஒரு குச்சியை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. யோசித்தாள். எழுந்துபோய்க் கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் எடுத்துவந்து, வெளிச்சவீட்டை அடியிலிருந்து நுனிவரை நனைக்கத் தொடங்கினாள்.

கோதுமைமாப் பசை. தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

"நானும் வரட்டா?" என்று கேட்டுக்கொண்டு நிருஷா வந்து குந்தினாள்.

"வா. கொஞ்சம் ஊறட்டும். அம்மா உழுந்து ஊறப் போடுற மாதிரி."

இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் இரண்டு, ஒன்றும் செய்யாமல், ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு முதல் குச்சி கழன்றது.

"ஐயோ என்ட கடவுளே!"

புஸ்பம் எழுந்துவிட்டாள். அழகரத்தினமும் எழுந்தார். "அஜந்தா! என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? நிப்பாட்டு புள்ளய!"

மண்டபம் முழுக்க அஜந்தாவைப் பார்த்தது. ஒரு சொல் சொன்னால் போதும், டிலுக்ஷி நிறுத்துவாள். ஆனால் அந்தப் பிள்ளை பிழை ஒன்றும் செய்யவில்லை. இறாக்கையில் இருந்ததை எடுத்தாள், பாய் விரித்தாள், வேலை செய்கிறாள். இப்போது தடுத்தால் வருடம் முழுக்கச் சொன்னது பொய். தடுக்காவிட்டால் அக்காவின் உழைப்பு கண்முன்னே கரைகிறது. அவள் கண்ணில் நீர் நின்றது. வாய் திறக்கவில்லை.

புஸ்பம் விறுவிறு என்று நடந்து மகளிடம் போனாள். பிடுங்கக் கையை நீட்டினாள்.

டிலுக்ஷி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அம்மா, பாயில மிதிக்கப்படாது," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். புஸ்பம் அறியாமலே காலைப் பின்னுக்கு எடுத்தாள். எடுத்தவள் அப்படியே குந்தினாள்.

கிட்டவிருந்து பார்த்தபோதுதான் கண்டாள். பிள்ளை குச்சியைப் பிய்க்கவில்லை. நகத்தால் மெல்ல நெம்பி, முறியாமல் கழற்றி, பஞ்சால் பசையைத் துடைத்து, நீளமானவை ஒரு பக்கம், வெட்டிய சின்னவை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தாள். நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது. புஸ்பத்துக்கு அந்த நாக்கு நுனியைத் தெரியும். குச்சி ஒட்டும்போது அவளுடையதும் அப்படித்தான் வரும், புருஷன் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறார்.

அழகரத்தினம் பின்னால் வந்து நின்றார். "நான் தூக்கிக்கொண்டு போறன்."

"விடுங்க," என்றாள் புஸ்பம். "புள்ள வேலை செய்யுது."

*

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் நடந்ததை எழுத எனக்கே பெருமையாக இருக்கிறது.

குச்சிகள் கழன்று முடிய நாற்பது நிமிடம். டிலுக்ஷி பல்பைப் பாயின் நடுவில் வைத்தாள். அதிலிருந்து குச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தில் அடுக்கினாள். ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு, போகப் போக விலகிப் போகிற இரண்டு கோடுகள். பாய் முடிந்தது. நிருஷா இன்னொரு பாய் கொண்டுவந்து விரித்தாள். அதுவும் முடிய மூன்றாவது பாய். இப்போது ஐந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். கோடுகள் பெற்றோரின் கதிரைவரை வந்தன.

"மாமி, காலத் தூக்குங்க."

மாமி தூக்கினார். பக்கத்திலிருந்த நாலு பேரும் தூக்கினார்கள். கோடு தலைவரின் கதிரைக்கு வந்தது.

"அப்பா, எழும்புங்க."

"நான் தலைவர், மகள்."

"ஓம். எழும்புங்க."

அழகரத்தினம் எழும்பினார். கதிரையையும் தானே தூக்கினார். மண்டபமே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார்.

புஸ்பம் மகளிடம் மெல்லக் கேட்டாள். "இது என்ன புள்ள?"

"வெளிச்சம்."

"வெளிச்சவீடு எங்க?"

"வீடு வேணாம். அது சும்மா நிக்கிற. வெளிச்சம்தானே கடலுக்குப் போற."

அலையையும் கடலையும் பற்றி அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் ஒவ்வொரு கதை இருந்தது.

வாசற்படி வந்ததும் குச்சி முடிந்துவிட்டது. கடல் இன்னும் வரவில்லை. டிலுக்ஷி கையை விரித்தாள். "காணாது அம்மா."

புஸ்பத்தின் கைப்பையில் ஒரு கட்டு இருந்தது. உடைந்தால் ஒட்டவென்று எடுத்து வந்தது. அவிழ்த்தாள். கை தானாகவே குச்சியை எடுத்துக் கோட்டின் நுனிக்குக் கொண்டுபோனது. எங்கே வைத்தால் நேராக வரும் என்று அவளுக்குத் தெரியும், மகளின் கோடு சற்றுக் கோணல்.

"அக்கா."

அஜந்தா பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். ஐந்து நாளில் முதல் சொல்.

"குச்சியக் குடு. வைக்காத. அவள் வைக்கட்டும்."

"கோணலாப் போகுதுகா தங்கச்சி."

"போகட்டும். அவட கோடு."

புஸ்பம் கட்டை மகளிடம் கொடுத்தாள். பிறகு, நம்பினால் நம்புங்கள், தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் இருந்துவிட்டாள். இல்லாவிட்டால் அவை நிற்கா என்று அவளுக்கே தெரியும். கோடு கோணலாகவே படி இறங்கி, ஈர மணலில், கடலிருந்த பக்கமாகப் போனது.

"மூணு கிழமைய நாசமாக்கிப்போட்டன், என்ன?" என்றாள் அஜந்தா.

"நாசமா? இஞ்ச பாரு, நான் பல்பத்தான் எரியவச்சன். இவள் அத நடக்க விட்டிருக்காள்." புஸ்பம் கண்ணைத் தோளில் துடைத்தாள். கைகள் இன்னும் அடியில்தான் இருந்தன. "என்ட வயித்துல பிறந்ததுக்கு இது தெரியுமெண்டு நான் நினைக்கவே இல்ல தங்கச்சி. நான்தானே ஒருநாளும் தொட விடல்ல."

*

பன்னிரண்டு மணி. பிள்ளைகள் குச்சிகளை எடுத்து அளவுப்படி கட்டி இறாக்கையில் திருப்பி வைத்துவிட்டு, பிளேன்ரீ குடிக்கிற பெரியவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

அழகரத்தினம் தொண்டையைச் செருமினார். "மண்டபத்த மற்ற நேசரிக்குக் குடுக்கணும் எண்டவங்க கையத் தூக்குங்க."

மூன்று கை எழுந்தது. நிருஷாவின் தாயின் கை எழவில்லை. அவர் எழுந்து நின்றார்.

"ரீச்சர், ஏபிசிடியும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. அத நான் விடமாட்டன். ஆனா என்ட மகள் ஒரு மணித்தியாலம் ஒரு இடத்துல குந்தியிருந்தத இண்டைக்குத்தான் கண்டன். என்ட பேர அந்தக் கடதாசியில வெட்டுங்க தலைவர்."

எழுந்த மூன்றில் ஒன்று இறங்கியது. அஜந்தா சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் அவளால் மறைக்க முடியாத சந்தோஷம்.

"ஒரு விசயம்," என்றார் நஸீறா. "இருபத்தாறு புள்ளைகள், ஒரு ரீச்சர். இத நான் இனி ஒத்துக்கொள்ள ஏலாது. தையில ரெண்டாவது ரீச்சர் நிக்கணும். ரவுணுல பதினாலு நாள் பயிற்சி இருக்கு, அங்கேயே தங்கணும். திங்கக்கிழமைக்குள்ள என்ட கந்தோருக்குப் பேர் வரணும். இல்லாட்டிப் பதிவு நிக்காது."

அழகரத்தினம் தலையைச் சொறிந்தார். "பதிவில்லாட்டி மண்டபம் குடுக்க ஏலாது மிஸ். சங்கத்துச் சட்டம். ரெண்டு நாளுக்குள்ள ஆளுக்கு எங்க போற?"

அஜந்தாவின் சந்தோஷம் முழுதாக ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

நஸீறா பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். எழுதவில்லை. "காலையில அந்த இறாக்கையில ஒரு வெளிச்சவீடு இருந்திச்சே. மாஷா அல்லாஹ், என்ன ஒரு கை! அது ஆர் செஞ்ச?"

"எங்கட மகள்தான் மிஸ்," என்றார் அழகரத்தினம், வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாயால்.

"மகள் கழட்டினத நான் பார்த்த. கட்டினது ஆர்?"

சிப்பி யானைக்குப் பரிசு வாங்கிய வீடும் தும்பு மயிலுக்கு வாங்கிய வீடும் தலையைக் குனிந்துகொண்டன. புஸ்பம் சாறித் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நான்," என்றாள். சத்தம் போதாதென்று பட்டதோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னாள். "நான்தான் செஞ்ச மிஸ். எல்லாம் நான்தான் செஞ்ச."

அஜந்தா அக்காவைப் பார்த்தாள். இப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததா?

"செய்யத் தெரிஞ்ச கை நிறைய இருக்கு," என்றார் நஸீறா. "இண்டைக்கு அந்தக் கைய நீங்க அடியில வச்சிக்கொண்டு இருந்தீங்களே, அதத்தான் நான் பார்த்த. அது எங்கட பயிற்சியிலயே கஷ்டமான பாடம். எத்தின மட்டும் படிச்ச?"

"ஓஎல் சோதினை எடுத்த. கணக்கு மட்டும் போயிட்டு. மறுகா எடுத்துப் பாஸ் பண்ணின."

"போதும்."

"என்ன போதும்?" அழகரத்தினம் குறுக்கே வந்தார். "பதினாலு நாள் தங்குறதா? வீட்ட ஆரு சமைக்கிற? புள்ளய ஆரு பார்க்கிற? கடலுக்குப் போறவன் நான். புஸ்பம், இதெல்லாம் வீட்ட போய்க் கதைப்பம்."

"வீட்டயும் கதைப்பம்," என்றாள் புஸ்பம். பிறகு நஸீறாவின் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க மிஸ். முழுப் பேரும் எழுதுங்க. புஸ்பராணி அழகரத்தினம்."

அழகரத்தினம் மனைவியைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வாவிக்கரைப் பக்கமாகப் போய்விட்டார்.

நஸீறா எழுதி முடித்துவிட்டுப் பேனையை நிறுத்தினார். "கீழ சங்கத் தலைவர்ட கையெழுத்தும் வேணும்."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். சைக்கிள் திருப்பத்தில் மறைந்துவிட்டிருந்தது.

புஸ்பம் படிவத்தைக் கையில் வாங்கினாள். தன் பெயர் எழுதியிருந்த இடத்தை ஒரு தடவை வாசித்தாள். ஈரம் படாமல் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"திங்கக்கிழமை விடிய உங்கட கந்தோருக்கு நானே கொண்டுவாறன் மிஸ்," என்றாள். "கையெழுத்தோட."